செருப்பைக் கழற்றிவிட்டு எழுதிய மனு

முதல் வாக்கியத்திலேயே விஷயம் வந்துவிட வேண்டும் என்று முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை. குமாசி நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகம். டாக்டருக்குப் படிப்பவனோ, பயிர்த்தொழில் படிப்பவளோ, யாராக இருந்தாலும் முதல் வருடம் என் துறைக்கு வந்து ஆங்கிலத்தில் எழுதக் கற்றுக்கொண்டே தீர வேண்டும். அதற்கான கையேட்டை எழுதியவளும் நானே. டாக்டர் கொனாடு என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும்.

ஆகவே நானும் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆச்சியா என்கிற அம்மாள் தன் தோட்டத்தில் பாதியை இழந்தார். அது என்னால் வந்தது.

ஆச்சியாவின் மகள் பிராகோ என் வகுப்பில் இருந்தாள். மூன்றாவது வரிசை, ஜன்னல் ஓரம். அதிகம் பேசமாட்டாள், ஆனால் நான் சொல்வதில் ஒரு சொல் விடாமல் எழுதிக்கொள்வாள். அந்தப் பருவத்தில் நான் கொடுத்த பயிற்சி இதுதான்: நிஜமான ஒரு அதிகாரிக்கு, நிஜமான ஒரு குறையைப் பற்றி, ஒரு மனு எழுதுங்கள். பாதிப்பேர் விடுதிக் குழாயைப் பற்றி எழுதினார்கள். பிராகோ தன் ஊர்த் தலைவருக்கு எழுதினாள். தலைவரை எங்கள் பக்கத்தில் நானா என்போம். சாலையை ஒட்டிய அவள் அம்மாவின் வாழைத் தோட்டத்தை, பெட்ரோல் பங்க் வைக்க வந்த ஒருவனுக்கு நானா குத்தகைக்குப் பேசிக்கொண்டிருந்தார்.

அவள் மனு இப்படித் தொடங்கியது: ‘நானா அவர்களுக்கு, செபே, நான் சின்னப் பிள்ளை. செருப்பைக் கழற்றிவிட்டு எழுதுகிறேன். உங்கள் குடை நிழலில்தான் எங்கள் வீட்டில் குழந்தைகள் பிறந்தன…’ இப்படியே ஒரு பக்கம் போனது. தோட்டம் என்ற சொல் கடைசிப் பத்தியில்தான் வந்தது. அங்கேயும் ‘செபே, எங்கள் வாழைமரங்கள் எங்கே போய் நிற்பது என்று என்னைக் கேட்கின்றன’ என்றுதான் இருந்தது.

செபே இல்லாமல் எங்களுக்கு வாய் திறக்க வராது. சாப்பிடும்போது வயிற்றுப்போக்கைப் பற்றிச் சொல்ல நேர்ந்தால் செபே. பெரியவர் சொன்னது சரியில்லை என்று சொல்வதற்கு முன்னால் செபே. இந்தச் சொல் உங்களைத் தொடக்கூடாது, தொட்டால் மன்னியுங்கள் என்று அர்த்தம். வீட்டில் நானும் சொல்வேன். ஆனால் வகுப்பில் கையில் சிவப்புப் பேனா இருந்தது.

முதல் செபேயை அடித்தேன். குடை நிழலை அடித்தேன். வாழைமரங்களை அடித்தேன். செருப்பு வரியை வகுப்புக்கு உரக்கப் படித்துக் காட்டிவிட்டு, “நீ செருப்பு போட்டிருக்கியா இல்லையாங்கிறது வாசிக்கிறவருக்கு எதுக்கும்மா? அவரு என்ன செருப்புக்கடையா வச்சிருக்காரு?” என்றேன். வகுப்பே சிரித்தது. பின்வரிசையில் அன்சோங் இருந்தான். புதிதாகச் சேர்ந்த உதவி விரிவுரையாளன், நான் பாடம் நடத்துவதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள உட்கார்ந்திருந்தவன். அவன்தான் அதிகமாகச் சிரித்தான். பிராகோவும் சிரித்தாள், மற்றவர்கள் சிரிக்கும்போது சிரிக்க வேண்டுமே என்பதற்காக.

நான் இப்படி ஆனதற்கு ஒரு கதை இருக்கிறது. அதைச் சமாதானமாகச் சொல்லவில்லை, கோபத்தோடுதான் சொல்கிறேன். மேல்படிப்புக்கு இங்கிலாந்து போனபோது என் முதல் கட்டுரையைப் பேராசிரியர் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, ‘இது கட்டுரையா, கல்யாணத்துக்கு அழைப்பா?’ என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அன்று கழிவறையில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்துவிட்டு அவர் சொன்னபடி எழுதக் கற்றேன், பட்டம் வாங்கினேன், அதே வித்தையை ஊருக்குக் கொண்டுவந்து என் பிள்ளைகள் தலையில் கட்டினேன். இங்கே வந்து பார்த்தால் துறையில் ஏற்கனவே ஒரு பழைய கையேடு இருந்தது. பாதிரிப் பள்ளிக்கூடக் காலத்தில் ஒரு வெள்ளைக்காரர் எழுதியது. ‘உள்ளூர் மரியாதைச் சொற்களைக் களைக’ என்று அதில் ஒரு விதி. சுதந்திரத்துக்குப் பிறகு வந்த கமிட்டிகள் எல்லாம் கூடிக் கூடிப் பேசி, அட்டையிலிருந்து அவர் பெயரை எடுத்தன. அந்த விதியை யாரும் தொடவில்லை. நான் அதைக் கொஞ்சம் மெருகேற்றி, மரியாதை முன்னுரைக்கு மதிப்பெண் குறைக்கவும் என்று எழுதினேன்.

பிராகோ திருத்தி எழுதிக்கொண்டு வந்தாள். ‘எங்கள் குடும்ப நிலத்தைக் குத்தகைக்கு விட உங்களுக்கு உரிமை கிடையாது’ என்பது முதல் வாக்கியம். அதற்குக் கீழே காரணங்கள், ஒன்றன்பின் ஒன்றாக, ஆணி அடித்தது போல. வகுப்பிலேயே அதிக மதிப்பெண் அவளுக்குத்தான் போட்டேன்.

“இதை அனுப்பிடு. இது சும்மா வகுப்புக்கு எழுதினதில்ல, நெசம்.”

அவள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். “மேடம், இத நானாவோட சபையில எல்லார் முன்னாடியும் வாசிப்பாங்க.”

“வாசிக்கட்டுமே. வாசிக்கத்தானே எழுதறோம்.”

“இல்ல மேடம். சத்தம் போட்டு வாசிப்பாங்க.”

அவள் எனக்குச் சொல்லவில்லை என்று நான் சொல்ல முடியாது. அந்தப் பெண் தன்னால் முடிந்தவரை, பெரியவளை எதிர்த்துப் பேசாமல், சொல்லிப் பார்த்தாள். நான்தான், “பயந்தா எழுத்து வராது, பிராகோ” என்று தோளில் தட்டி அனுப்பினேன்.

அதன்பிறகு அவள் வகுப்புக்கு வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஒருநாள் மதியம் என் அறைக்கு வந்தாள். நான் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். வந்தவளுக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்து, குடித்த பிறகு, வந்த காரியம் என்ன என்று கேட்பதுதான் எங்கள் வழக்கம். எந்த வீட்டிலும் எதிரி வந்தால்கூட அப்படித்தான். நான் நிமிராமலே, “என்ன விஷயம்?” என்றேன்.

“மொதல் வாக்கியம் சொல்லட்டுமா மேடம்? எங்கம்மா அரண்மனை வாசல்ல கால் வைக்கக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க.”

பேனாவை வைத்தேன்.

“காரணம் ஒண்ணு. கடுதாசிய அரண்மனைக் குமாஸ்தா சபையில நம்ம பாஷையில மாத்திச் சொன்னாரு. உங்களுக்கு உரிமை கெடையாதுன்னு, செபே கூட இல்லாம, நானாவோட மூஞ்சிக்கு நேரா. காரணம் ரெண்டு. பொண்ண இப்படி வளத்தது தாய்தானேன்னு கேட்டாங்க. முடிவு. அம்மாவோட வழக்க யாரும் கேக்கமாட்டாங்க. நாங்க வெளிய நிக்கிறப்பவே புல்டோசர் வந்துருச்சு.”

நான் சொல்லிக்கொடுத்த வரிசை கொஞ்சமும் பிசகவில்லை. என் மூஞ்சியிலேயே அதை எறிவதற்காகத்தான் அந்த வரிசையில் சொன்னாள். எழுந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டாள்.

“நான் வரேன். நானாகிட்ட நானே சொல்றேன்.”

“என்னன்னு சொல்வீங்க?”

“நடந்தத. நான்தான் அடிச்சேன்னு.”

“சரி மேடம்,” என்றாள். நம்பிய குரலாக இல்லை.

நான் அவள் ஊருக்குப் போனபோது முதலில் தோட்டத்தைத்தான் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியாது, சாலையிலேயே இருக்கிறது. இருந்தது. செம்மண்ணைச் சமமாக வழித்துவிட்டிருந்தார்கள். ஓரத்தில் வாழைக் கன்றுகள் வேரோடு குவிந்து கிடந்தன. ஓடைப்பக்கம் இறங்கும் சரிவில் மட்டும் மரங்கள் நின்றன. ஆச்சியா அம்மாள் அந்தக் குவியலில் இருந்து பிழைக்கக்கூடிய கன்றுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார்.

“எம் பொண்ணோட டீச்சரம்மாவா? இவ்வளவு தூரம் எங்களுக்காகவா? வாங்க, மொதல்ல தண்ணி குடிங்க.”

அவருக்குத் தெரியாது. பிராகோ வீட்டில் என் பெயரை எடுக்கவே இல்லை. கடிதம் முழுக்கத் தன் புத்தி என்று ஏற்றுக்கொண்டு, தாய்மாமன் பெம்பாவிடம் திட்டு வாங்கியிருந்தாள். நான் தண்ணீரைக் குடித்தேன்.

அரண்மனை என்றால் தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம், முன்னால் சரளைக்கல் முற்றம். உள்ளே போகும் வழி எங்களுக்கு அடைபட்டிருந்ததால், முற்றத்து ஓரத்திலேயே நின்று ஆள் அனுப்பினோம். வெகுநேரம் கழித்துத்தான் கூப்பிட்டார்கள். முற்றத்து வாசலிலேயே எல்லோரும் செருப்பைக் கழற்றினார்கள். நானும் கழற்றினேன். வெயிலில் காய்ந்த சரளைக்கல். என்னுடையது செருப்பிலேயே பழகிய மெத்தென்ற பாதம், பொறுக்கவில்லை. பிராகோ திரும்பி என் காலைப் பார்த்தாள். அப்புறம் நேராகப் பார்த்துக்கொண்டு நடந்தாள். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தேவலை.

நானாவோடு யாரும் நேரடியாகப் பேச முடியாது. நடுவில் ஒச்சியாமே இருப்பார், தலைவரின் வாய். நாம் அவரிடம் சொல்வோம், அவர் தலைவரிடம் சொல்வார். தலைவருக்கு நாம் சொன்னதெல்லாம் காதில் விழுந்துதான் இருக்கும். ஆனாலும் ஒச்சியாமே சொன்ன பிறகுதான் அது சொல்லப்பட்டதாகக் கணக்கு. இந்த ஒச்சியாமே ஒல்லியான மனிதர், கையில் தங்கப்பூண் போட்ட கோல், முகத்தில் ஒன்றும் தெரியாது.

எங்களோடு வந்திருந்த பெம்பா முதலில் பேசினார். மழையில் ஆரம்பித்து, கொக்கோ விளைச்சலுக்குப் போய், நானாவின் பாட்டனார் வெட்டிய கிணற்றைச் சுற்றிக்கொண்டு வந்தார். நான் பொறுமை இழந்துகொண்டிருந்தேன். அந்தச் சூழ்நிலையிலும் எனக்குள் இருந்த சிவப்புப் பேனா சும்மா இருக்கவில்லை. ஒருவழியாக, “எழுதுனத பத்தி டீச்சரம்மா ரெண்டு வார்த்த சொல்லணுங்கறாங்க” என்று முடித்தார்.

எழுந்தேன். வழியெல்லாம் எப்படித் தொடங்குவது என்று யோசித்து வைத்திருந்தேன். வாய் திறந்ததும் பழக்கம்தான் வந்தது.

“அந்தக் கடுதாசியில இருந்த மரியாதையெல்லாம் அடிச்சது நான். இந்தப் பிள்ள முறையாத்தான் எழுதியிருந்தா. செருப்பக் கழட்டிட்டு எழுதுறேன்னு எழுதினா. அத நான் வகுப்புல படிச்சுக் காட்டி கேலி பண்ணினேன். அடிச்சுட்டு அனுப்பச் சொன்னதும் நான்தான். அவ வேணாம்னா. தப்பு முழுக்க என்னுது. இந்த அம்மாவுக்கு எதுவும் தெரியாது.”

பெரியவர்கள் பக்கத்தில் ஒரு சலசலப்பு. செபே சொல்லாமல்தான் இதையும் சொன்னேன் என்பது அப்போதுதான் உறைத்தது. ஆச்சியா அம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்தார். பார்க்கட்டும், திட்டட்டும் என்று இருந்தது. உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று நெஞ்சில் ஒரு நிம்மதி, வெட்கத்தோடு சொல்கிறேன், ஒரு பெருமைகூட வந்தது.

ஒச்சியாமே நானாவின் பக்கம் திரும்பிக் கோலைச் சாய்த்தார்.

“நானா, கேட்டீங்களா. பெரிய பள்ளிக்கூடத்து அம்மா வெறுங்காலோட வந்து நிக்கிறாங்க. அவங்க சொல்றாங்க: செபே, உங்க பிள்ள ஒண்ணு உங்களுக்குப் பானையில தண்ணி எடுத்துட்டு வந்துச்சு. வழியில ஒரு கல்லு தடுக்கி, கொஞ்சம் சிந்திப்போச்சு. பான ஒடையல. சிந்துன தண்ணிக்காக, அந்தப் பிள்ளையோட தாயையும் கூட்டிக்கிட்டு, உங்க காலப் பிடிக்க வந்திருக்கேன்.”

சபையில் எல்லோரும் தலையாட்டினார்கள். நான் சொன்னதில் எதை விட்டார், எதைச் சேர்த்தார் என்று எனக்குத் தெரியும், தொழில் அதுதானே. என் குற்றத்தை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டார். நான் அந்தக் கதையில் வெறும் கல். அந்தக் கல்லை அங்கே போட்டது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் மறுபடி வாய் திறந்தேன். பெம்பா என் முழங்கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

“சும்மா இருங்க டீச்சரம்மா. நல்லா முடிஞ்சுக்கிட்டு இருக்கு.”

நானா ஏதோ முணுமுணுத்தார். ஒச்சியாமே எங்கள் பக்கம் திரும்பினார். சிந்தியது சிந்தியதுதான். தாய் இனி அரண்மனைக்கு வரலாம். ஒரு செம்மறியும் ஒரு புட்டி சாராயமும் பிள்ளையின் வீட்டார் கொண்டுவர வேண்டும். ஓடைப்பக்கத்துச் சரிவு ஆச்சியாவுக்கே. சாலைப்பக்கத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததே தீர்ப்பு.

வெளியே வந்ததும் ஆட்டை நான் வாங்கித் தருகிறேன் என்றேன். பெம்பா பதறிவிட்டார்.

“வேணாம்மா. குத்தம் பண்ணினவங்கதான் ஆடு குடுக்கணும். குத்தம் எங்க வீட்டுதுன்னு சபையில ஆயிருச்சு. இப்ப நீங்க குடுத்தீங்கன்னா மறுபடியும் ஆரம்பத்துல இருந்து பேசணும்.”

ஒச்சியாமே முற்றத்தில் தனியாக நின்றிருந்தார். கோலை யாரிடமோ கொடுத்துவிட்டதால் சாதாரண மனிதராகத் தெரிந்தார். நேரே போய்ச் சண்டை பிடித்தேன்.

“நான் சொன்னத ஏன் மாத்திச் சொன்னீங்க? தப்பு என்னுதுன்னு தெளிவாத்தானே சொன்னேன்?”

“தெளிவாத்தான் சொன்னீங்க. அத அப்படியே சொல்லியிருந்தா, பெரிய பள்ளிக்கூடமே சேர்ந்து நானாவக் கேலி பண்ணுச்சுன்னு ஆயிருக்கும். ஓடைப்பக்கமும் போயிருக்கும்.”

“அவரு செஞ்சது மட்டும் சரியா? அடுத்தவங்க நெலத்தத் தூக்கிக் குடுத்தது தப்பில்லையா? தப்பத் தப்புன்னு சொல்லக்கூடாதா?”

“தப்புதான்,” என்றார் சாவதானமாக. “நான் இல்லேன்னு சொன்னேனா? அவரே கையெழுத்துப் போடாம இழுத்துக்கிட்டுத்தான் இருந்தாரு. யாராச்சும் வந்து கெஞ்சினா, பாவம்னு விட்டுக்குடுத்த பேரு கிடைக்கும்னு காத்துக்கிட்டு இருந்தாரு. உங்க கடுதாசி வந்துச்சு. அதுக்கப்புறம் விட்டுக்குடுத்தா, பயந்து விட்டுக்குடுத்த பேருல்ல வரும்? அன்னைக்கு சாயங்காலமே கையெழுத்துப் போட்டாரு.”

அவருடைய சபையில் நியாயம் என்று ஒன்று இருப்பதாக நான் இன்றும் நம்பவில்லை. கெஞ்சினால்தான் கிடைக்கும் என்றால் அது என்ன உரிமை என்று இப்போதும் கேட்பேன். ஆனால் அதைக் கேட்கிறவள் நானென்றால், பணயம் வைப்பது என் தோட்டமாக இருந்திருக்க வேண்டும். வேறொருத்தியின் தோட்டத்தை வைத்துக்கொண்டு நான் தைரியசாலியாக இருந்தேன். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

கிளம்பும்போது ஆச்சியா அம்மாள் ஒரு வாழைக்காய்த் தாரைக் காரில் ஏற்றினார். ஓடைப்பக்கத்துத் தார்.

“அம்மா, உள்ள நான் சொன்னது கேட்டுச்சில்ல? அதெல்லாம் உண்மை.”

“கேட்டுச்சு, கேட்டுச்சு,” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். “எம் பொண்ணுக்காகப் பழிய உங்க தலையில போட்டுக்கிட்டீங்க. யாரு செய்வா இந்தக் காலத்துல? தங்கமான மனசு.”

இல்லை என்று சொல்லச் சொல்ல அவர் கண் கலங்கியது. பிராகோ கார்க் கதவைச் சாத்தினாள். “விடுங்க மேடம். அம்மா அப்படியே நம்பட்டும்,” என்றாள் தணிந்த குரலில். “எனக்குத் தெரியும்ல. அது போதும்.”

அடுத்த மாதம் இடைத்தேர்வு. பிராகோ வகுப்புக்குத் திரும்பியிருந்தாள். கேள்வி பழையதுதான், தண்ணீர் வராததைப் பற்றி விடுதிக் காப்பாளருக்கு மனு. விடைத்தாள்களைப் புரட்டிக்கொண்டே வந்தேன். நல்ல பிள்ளைகள் எல்லோரும் ‘விடுதியில் தண்ணீர் வரவில்லை’ என்று ஆரம்பித்திருந்தார்கள். பிராகோவின் தாள் வந்தது.

‘ஐயா, செபே, செருப்பைக் கழற்றிவிட்டு எழுதுகிறேன்.’

அதை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. மதிப்பெண் போகும் என்று தெரிந்துதான் எழுதியிருக்கிறாள். எனக்காக எழுதினாளா, என்னைக் குத்த எழுதினாளா, காப்பாளரிடம் தண்ணீர் கிடைக்க இதுதான் வழி என்று எழுதினாளா, கேட்கும் தகுதி எனக்கு இல்லை. ஒரு சொல்லையும் அடிக்காமல் முழு மதிப்பெண் போட்டேன். அன்றைக்கு மனசு கொஞ்சம் லேசாக இருந்தது. கையேட்டில் இருக்கும் அந்த விதியை அடுத்த கமிட்டியில் எடுத்துவிட வேண்டும் என்றுகூட நினைத்துக்கொண்டேன். நினைத்ததோடு சரி.

எங்கள் துறையில் ஒவ்வொரு தாளையும் இரண்டாவதாக ஒருவர் பார்த்து, சரிசெய்துதான் பிள்ளைகளிடம் கொடுப்பார். அந்தத் தடவை அன்சோங்கின் முறை. அடுத்தநாள் தேநீர் வேளையில் அவன் சிரித்துக்கொண்டே என் அறைக்கு வந்தான்.

“மேடம், ஒரு தாள்ல நீங்க அசந்துட்டீங்க. மரியாதை முன்னுரைக்கு மார்க் குறைக்கணும்ல? உங்க கையேடே சொல்லுது. பரவாயில்ல, நான் குறைச்சுட்டேன். ஓரத்துல உங்க ஜோக்கையே எழுதிட்டேன்.”

“எந்த ஜோக்கு?”

“நீ செருப்பு போட்டிருக்கியா இல்லையாங்கிறது வாசிக்கிறவருக்கு எதுக்கும்மா, அவரு என்ன செருப்புக்கடையா வச்சிருக்காரு? நான் எல்லா வகுப்புலயும் சொல்றேன் மேடம். பிள்ளைங்க விழுந்து விழுந்து சிரிக்கும்.”

என் உதடு சிரிப்பதற்கு விரிந்துவிட்டது. என்னுடைய ஜோக் அல்லவா, அதற்குத் தானாக வந்தது. பிறகுதான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன்.

“அந்தத் தாள் எங்க, அன்சோங்? இப்ப எங்கிட்ட குடு.”

“கொடுத்தாச்சே மேடம்,” என்றான். “காலையிலேயே அந்தப் பொண்ணு வந்து வாங்கிட்டுப் போயிடுச்சு.”